பொன்னும் அது கிடந்த இடமும்: புதையல் வேட்டை வீடியோ கேம்களின் பின்னணி

தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு உறவினர்களை அழைத்துக்கொண்டு நான் போன ஒவ்வொரு முறையும், யாராவது ஒருவர் வழிகாட்டியிடம் சுரங்கப்பாதையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சாரோட்டு அரண்மனைக்கு இங்கிருந்து நிலத்தடி வழி ஒன்று இருந்ததாகவும், அது இப்போது அடைக்கப்பட்டிருப்பதாகவும் பதில் வரும். கேட்டவரின் முகம் மலர்ந்துவிடும். அவர் நின்றுகொண்டிருக்கும் தரையோ சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்து மெழுகியது என்று சொல்லப்படுவது. இன்றைக்கும் முகம் தெரிகிற அளவுக்கு மின்னுவது. அதைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகனும் அப்படித்தான். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பி, பிளேஸ்டேஷனை டிவியில் இணைத்துக்கொண்டே, "மாமா, கேம்ல எந்தக் கோயிலுக்குள்ள போனாலும் சுரங்கம் திறக்கும். நம்ம அரண்மனையில மட்டும் அடச்சு வச்சிருக்காவ" என்று குறைப்பட்டுக்கொண்டான்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. புதையலைத் தேடிப் போகும் இரண்டு பெண்கள், நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலை, கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சளர்களின் இடிந்த நகரம், விநாயகரின் ஒடிந்த தந்தம் என்று போகும் கதை அது. அவனுடைய குறையை வெறும் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தொல்லியலாளர் என்று பெயர் சூட்டிய ஒருவரை நாயகனாகவோ நாயகியாகவோ வைத்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உருவாகிவரும் இந்த வகை கேம்களில், சுரங்கம் ஏன் எப்போதும் திறந்தே ஆக வேண்டும், தொல்லியலில் அது ஏன் பெரும்பாலும் திறப்பதில்லை, திறந்தாலும் அதுவே ஏன் முக்கியமான செய்தி ஆவதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

1982இல் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக டேவிட் கிரேன் உருவாக்கிய 'பிட்ஃபால்' என்ற கேமில் காட்டுக்குள் ஓடும் ஒரு மனிதன், 20 நிமிடத்துக்குள் 32 புதையல்களைச் சேகரிக்க வேண்டும். குழி, முதலை, உருண்டு வரும் மரக்கட்டை ஆகியவற்றைத் தாண்டிப் போய்த் தொட்டால் பொற்கட்டி மறைந்து மதிப்பெண்ணாக மாறிவிடும். அது யாருடைய பொன், அங்கே ஏன் கிடந்தது என்ற கேள்விக்கு அந்தக் காலத்து கேம் கருவியின் நினைவகத்தில் இடமில்லை. ஆடுபவருக்கும் அது தேவைப்படவில்லை. அதன் பிறகு கருவிகள் வளர்ந்தன, படங்கள் நிஜம்போல் ஆயின, கதைகள் நீண்டன. ஆனால் தொட்டவுடன் பொருள் மதிப்பெண்ணாக மாறிவிடும் அந்தப் பழைய வழக்கம் இந்த வகையை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. மிக அண்மைக் காலத்து கேம்களில்கூட மூலையில் மினுமினுக்கும் ஒரு வெண்கலக் கிண்ணத்தை எடுத்தால், திரையின் ஓரத்தில் ஓர் எண்ணிக்கை ஒன்று கூடும்; அவ்வளவுதான்.

இந்த வகைக்கு உடலும் எலும்பும் தந்தது 1996இல் இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்த கோர் டிசைன் நிறுவனம் வெளியிட்ட 'டூம் ரைடர்'. டோபி கார்ட் வடிவமைத்த லாரா கிராஃப்ட் என்ற நாயகியை உலகம் தொல்லியலாளர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டது. கேமின் பெயருக்கோ நேர்ப்பொருள் கல்லறைக் கொள்ளையர். பெயர் ஒளிவுமறைவு இல்லாமல்தான் இருக்கிறது. அந்தக் கேமின் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். அதன் உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டங்களால் ஆனது. லாரா நின்ற இடத்திலிருந்து குதித்தால் எவ்வளவு தூரம் போவார், ஓர் எட்டுப் பின்வாங்கி ஓடிவந்து குதித்தால் எவ்வளவு தூரம் போவார், கையை நீட்டி விளிம்பைப் பிடித்தால் இன்னும் எவ்வளவு கூடும் என்பதெல்லாம் கட்டக் கணக்கு. பாண்டி ஆடும் பிள்ளைகள் கட்டத்தைப் பார்த்தவுடன் காலை அளந்துவிடுவதுபோல, ஆடுபவர் ஒரு பள்ளத்தைப் பார்த்தவுடன் தாண்டலாமா முடியாதா என்று கணக்குப் போட்டுவிடலாம். இதனால் அந்தப் பாழடைந்த கோயில்களில் வெறுமனே கிடக்கிற கல் என்று ஒன்று இருக்க முடியாமல் போயிற்று. ஒவ்வொரு கல்லும் ஏறுவதற்கோ, தள்ளுவதற்கோ, ஒளிவதற்கோ, விழுவதற்கோ வைக்கப்பட்டது. இடிபாடு என்பது காலத்தின் கையால் ஆனதாக இல்லாமல், முந்தாநாள் ஒருவர் நமக்காகக் கட்டிவைத்த உடற்பயிற்சிக் களமாக மாறிய இடம் இதுதான்.

இந்தத் தொடரின் மூன்றாம் பாகம் 1998இல் வந்தபோது இந்தியாவில்தான் தொடங்கியது. நாகர்கோவிலில் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரை விடும் ஒரு கடையில், 2000களின் தொடக்கத்தில், அதை ஆட நாங்கள் வரிசையில் நின்றிருக்கிறோம். குரங்குகளும் புலிகளும் உள்ள காட்டைக் கடந்து ஒரு கோயிலுக்குள் போனால், பல கைகளில் வாளேந்திய சிவன் சிலை உயிர்பெற்று வெட்ட வரும். லாரா இரண்டு கைகளிலும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதைச் சுட்டுத் தள்ள வேண்டும். "லே மக்கா, சாமியையா சுடுத?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்ட நண்பனின் குரலில் பாதி சிரிப்பு, பாதி பயம். அந்தக் கேள்விக்கு அன்று எங்களில் யாரிடமும் பதில் இல்லை. மணி தீர்வதற்குள் லெவலை முடிக்கும் அவசரம் இருந்தது.

2007இல் அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் தொடங்கிய 'அன்சார்ட்டட்' வரிசை, கட்டக் கணக்கை மறைத்துவிட்டு, திரைப்படம் பார்க்கிற ஓட்டத்தைக் கொண்டுவந்தது. கணக்கு மறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. ஒரு பாறைச் சுவரில் பிடிக்கத்தக்க விளிம்புகள் மட்டும் சற்றே வேறு நிறத்தில், சுண்ணாம்புக் கறை படிந்ததுபோல் தெரியும். அது ஆடுபவருக்கு வழிகாட்டுவதற்காகப் பூசியது. இரண்டு பாறைகளின் இடுக்கில் நாயகி உடலைக் குறுக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்து போகும் காட்சிகள் இந்த வகைக் கேம்களில் அடிக்கடி வரும். அந்த நேரத்தில் அடுத்த பெரிய இடத்துக்கான தகவல்களைக் கருவி வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த இடுக்கு உண்மையில் ஒரு காத்திருப்பு அறை. துணைக்கு வருபவரின் கையில் கால் வைத்து மேலே ஏறும் காட்சியும் பல இடங்களில் அப்படிப்பட்டதுதான். ஏறுதல், சண்டை, புதிர் என்ற மூன்றையும் மாற்றி மாற்றி வைப்பதும் கணக்குத்தான்: சண்டையில் வேகமெடுத்த மனம் புதிரில் ஆற வேண்டும், புதிரில் சலித்த கை ஏறுவதில் விழிக்க வேண்டும்.

தொல்லியலின் உடையை உடுத்திக்கொண்டு வருவது இந்தப் புதிர்தான். நாயகி ஒரு பழைய குறிப்பேட்டைப் புரட்டுவார். சுவரிலுள்ள சின்னங்களோடு ஒப்பிடுவார். நான்கு சக்கரங்களைச் சரியான வரிசையில் திருப்பினால் எண்ணூறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கற்கதவு புழுதியை உதிர்த்துக்கொண்டு திறக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் எண்ணெய் போடாத கதவுக் கொண்டி ஐந்தாறு வருடத்தில் அசைய மறுத்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தக் கதவுகளைச் செய்த ஆசாரி யாரென்று கேட்கத் தோன்றும். வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அறிவு என்பது இங்கே சாவியாக மட்டும் பயன்படுகிறது. ஹொய்சளர்களைப் பற்றி நாயகி அறிந்ததெல்லாம் கதவு திறப்பதற்காக; கதவு திறந்த பிறகு அந்த அறிவால் ஒரு வேலையும் இல்லை.

'லாஸ்ட் லெகசி' 2017 ஆகஸ்டில் வெளிவந்தது. நாயகி குளோயி ஃபிரேசரின் தந்தை இந்தியர். ஹொய்சளப் புதையலைத் தேடியே வாழ்க்கையைக் கழித்து உயிரையும் விட்டவர். மகள் அதே தந்தத்தைத் தேடி வருகிறார். தென்னாப்பிரிக்கரான நாடீன் ராஸ் அவருக்குக் கூட்டாளி. ஆசவ் என்ற கிளர்ச்சித் தலைவன் அவர்களுக்குப் போட்டி. ஜீப்பை எடுத்துக்கொண்டு நீரும் சேறும் பச்சையுமாக விரியும் ஒரு பெரிய வெளியில் நம் விருப்பப்படி சுற்றலாம் என்பது இந்த கேமின் சிறப்பு. அதற்கு முந்தைய பாகங்களில் பெரும்பாலும் ஒரே வழிதான். தாபி நதிக்குத் தெற்கே தொடங்கி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வந்து நம் மருத்துவாழ்மலையோடு கடலைப் பார்த்து நின்றுவிடுகிற அந்த மலைத்தொடரை, அதன் காலடியில் பிறந்த ஒருவன் திரையில் பார்க்கும்போது மனம் கொஞ்சம் இளகத்தான் செய்யும். ஈரத்தின் நிறத்தை அந்த ஓவியர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மழை விட்ட பின் பேச்சிப்பாறைப் பக்கத்தில் தெரியும் அந்தக் கரும்பச்சை அதில் இருக்கிறது.

கதையின் புராண அடித்தளமும் நமக்கு அயலானதல்ல. கைலாயத்தின் வாசலில் காவல் நின்ற விநாயகர், தந்தையைப் பார்க்க வந்த பரசுராமரைத் தடுக்க, அவர் எறிந்த மழு பட்டுத் தந்தம் ஒடிந்தது என்ற கதையை கேம் எடுத்துக்கொள்கிறது. அதே பரசுராமர் அதே மழுவைக் கடலில் எறிந்துதான் கோகர்ணம் முதல் கன்னியாகுமரி வரையிலான நிலம் வெளிவந்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தங்கை மகன் மழுவின் சின்னத்தைக் குறிப்பேட்டைப் பார்க்காமலே கண்டுகொண்டான்.

ஆனால் ஹொய்சளர்கள் விஷயத்தில் கேம் நழுவுகிறது. அது காட்டும் நகரத்தில் அருவிகளுக்கு நடுவே மலையளவு சிலைகள் நிற்கின்றன. ஹொய்சளக் கலையின் பெருமையோ இதற்கு நேர் எதிரானது. வெட்டியெடுக்கும்போது மென்மையாகவும் காற்றுப் பட்டபின் இறுகுவதாகவும் உள்ள மாக்கல்லில், விரல் நுனியளவு மணிமாலையைக்கூடத் தனித்தனி மணியாகச் செதுக்கிய நுணுக்கம் அது; கடைசல் பிடித்ததுபோல் வளையம் வளையமாக மின்னும் தூண்கள் அது. பேலூர் சென்னகேசவர் கோயிலை விஷ்ணுவர்த்தனன் 1117இல் எழுப்பினான். அங்கே மதனிகை என்னும் பெண் சிற்பத்தைப் பார்க்க அருகில் போக வேண்டும். கேமின் சிலையைப் பார்க்கத் தூரம் போக வேண்டும். பெரிய திரையில் தூரத்து மாபெரும் சிலை 'அங்கே போ' என்று ஆடுபவரைக் கூப்பிடும். விரல் நுனியளவு மணிமாலை கூப்பிடாது. கலைஞர்களுக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை என்று நான் இதை நினைக்கவில்லை. வழிகாட்டத் தேவை இருந்ததால் கலை பெருத்துவிட்டது.

இன்னொன்று, அந்த நகரம் 'தொலைந்து போனது' என்பது. 1311இல் மாலிக்காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கியது உண்மை. அதன் பின் அந்த அரசு தேய்ந்ததும் உண்மை. ஆனால் அந்தத் துவாரசமுத்திரமாகிய ஹளேபீடும் பேலூரும் யாருக்கும் தொலைந்துவிடவில்லை. ஹாசனில் பஸ் ஏறினால் போகலாம்; இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான்; 2023இல் சோமநாதபுரத்தோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டன. பேலூரில் இன்றும் பூசை நடக்கிறது. ஹொய்சளர்கள் தமிழருக்கும் புதியவர்கள் அல்லர். சோழருக்குத் துணையாகக் காவிரிக்கரைக்கு வந்து, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் ஒரு தலைநகரையே வைத்துக்கொண்டவர்கள். ஓர் இடம் தொலைந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதன் பக்கத்தில் வாழ்கிறவர்களைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க வேண்டும். இந்த வகைக் கேம்களின் இடிபாடுகளில் ஆடு மேய்ப்பவர் இல்லை, விளக்கு வைக்க வருகிற பாட்டி இல்லை. எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

தொல்லியலாளர் செய்வது என்ன என்பதை இங்கே எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். அகழாய்வு நடக்கும் இடத்தில் முதலில் நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். (இங்கேயும் கட்டம்தான், ஆனால் குதிப்பதற்கு அல்ல.) பிறகு கொத்துக்கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை அடுக்கடுக்காக விலக்கி, எந்தப் பொருள் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். ஒரு ரோமானியப் பொற்காசு நகைக்கடைத் தராசில் இத்தனை கிராம் பொன். அதே காசு கருப்பு சிவப்புப் பானை ஓடுகளோடு ஒரே அடுக்கில் கிடைத்தால், அந்தப் பானையில் சோறாக்கியவர்கள் எந்தக் காலத்தவர், எந்தக் கடல்வழி வணிகத்தைத் தொட்டவர்கள் என்பதற்குச் சாட்சி. பொன்னை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். அது கிடந்த இடத்தை ஒரே ஒரு முறைதான் அளக்க முடியும்; எடுத்துவிட்ட பிறகு அந்தச் செய்தியைத் திரும்ப மண்ணுக்குள் வைக்க வழியில்லை. கேமில் பொருளைத் தொட்டவுடன் அது மறைந்து எண்ணாகிறதே, அங்கே மறைவது இந்தச் செய்திதான்.

உலகமே அறிந்த புதையல் அறைக் கதை எகிப்திய மன்னன் துட்டன்காமனுடையது. ஹோவர்டு கார்ட்டர் 1922 நவம்பரில் அந்தக் கல்லறையைக் கண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உள்ளே இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண் இட்டு, ஹாரி பர்ட்டன் படம் பிடிக்க, உதிரும் பொருள்களுக்கு மெழுகு பூசி, வெளியே கொண்டுவந்து முடிக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின என்பது பலருக்குத் தெரியாது. கதவு திறந்தது ஒரு மாலை. பட்டியல் பத்து ஆண்டு. எந்த கேமும் அந்தப் பத்து ஆண்டை ஆடச் சொல்வதில்லை.

பட்டியல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் வெளிவந்தன. இவர் வரிசைப்படுத்தி அட்டவணை வெளியிட்டதால்தான் இன்றைக்கும் அவற்றை வைத்துப் பேச முடிகிறது. கேமின் பார்வையில் இருவருமே வெற்றி பெற்ற வேட்டைக்காரர்கள்.

கதவின் கவர்ச்சி நம்மையும் விட்டதில்லை. 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, எங்கள் மாவட்டத்து டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. பத்மநாபபுரத்தைத் தலைநகராக வைத்திருந்துவிட்டுப் போன திருவிதாங்கூர் ராஜ்ஜியம்தானே என்ற உரிமையும் அதில் இருந்தது. திறக்காத 'பி' நிலவறையையும், அதைப் பாம்பு காக்கிறது என்பதையும் பற்றித்தான் முக்கால்வாசிப் பேச்சு. பூதம் காக்கும் புதையல் என்று பாட்டா சொன்ன கதைக்கும் இதற்கும் தூரமில்லை. அதே நீதிமன்றம் நியமித்த குழுவினர் திறந்த அறைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடை பார்த்து, படமெடுத்து, எழுதிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் அதற்கு மதிப்பில்லை. 2020 தீர்ப்பில் 'பி' அறையைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவை நீதிமன்றம் நிர்வாகக் குழுக்களிடமே விட்டுவிட்டது.

இந்தியாவில் நாயகி ஒருவர் இப்படி ஒரு தந்தத்தைக் கண்டெடுத்தால் சட்டம் என்ன சொல்லும் என்று தங்கை மகன் கேட்டான். அவன் அப்பா வக்கீல் என்பதால் வந்த கேள்வி. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டவர், அது என்ன, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை தர வேண்டும். (பத்து ரூபாய் என்ற வரம்பை எழுதியவர்கள் அன்றைய விலைவாசியில் எழுதினார்கள்.) உரிமையாளர் இல்லை என்று முடிவாகி, இடத்துக்காரர் உரிமை கோரினால் கண்டவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு; அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எழுதித் தர வேண்டிய மூன்றில் 'எங்கே' என்பதும் ஒன்று என்பதைக் கவனிக்கலாம். இதற்கு மேல், நூறு ஆண்டுக்குக் குறையாத தொல்பொருளை மத்திய அரசின் வழியல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றி மண்வெட்டி போடுவதே குற்றம்.

இந்த வகைக் கதைகளின் முடிவில் கோயில் இடிந்து விழுவதும், நகரம் வெள்ளத்தில் மூழ்குவதும், பொருள் பள்ளத்தில் விழுந்து மறைவதும் இவ்வளவு அடிக்கடி நடப்பதற்கு இப்போது இன்னொரு காரணம் புலப்படும். இடிந்து விழும் கூரைக்கு அடியில் ஓடுவது ஆடுவதற்கு நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். பொருள் தப்பிவிட்டால் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழும் என்பது மற்றொன்று. பொருள் இல்லையென்றால் கலெக்டர் இல்லை, படிவம் இல்லை, வழக்கு இல்லை. 'லாஸ்ட் லெகசி' இந்த வழக்கத்தை மீறுகிறது என்பதால்தான் அதைக் குறைசொன்ன பிறகும் எனக்கு அதன்மேல் மதிப்பு இருக்கிறது. அதில் தந்தம் தப்புகிறது. அதை இந்திய அரசின் கலாச்சார அமைச்சகத்திடம் ஒப்படைப்பது என்று குளோயியும் நாடீனும் முடிவு செய்கிறார்கள். கூட இருக்கும் சாம் டிரேக் என்ற பழைய வேட்டைக்காரர் வயிற்றெரிச்சல் படுகிறார்.

மாற்றம் வேறு இடங்களிலும் தெரிகிறது. 2024 டிசம்பரில் சுவீடனின் மெஷின் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' 1937இல் நடக்கிறது. வாடிகன், எகிப்தின் கீசா, தாய்லாந்தின் சுகோதை என்று அலைகிற நாயகனின் கையில் சவுக்கோடு ஒரு கேமராவும் உண்டு. சுவரெழுத்தையும் சிற்பத்தையும் படமெடுத்தால் அதற்கு மதிப்பெண். எடுப்பதற்குப் பதிலாகப் பதிவதற்கு மதிப்பெண் தருவது சிறிய திருத்தம்தான். ஆனால் 1982இன் பொற்கட்டியோடு ஒப்பிட்டால் திசை மாறியிருக்கிறது.

முழுதாகத் திசை மாற்றியது பெரிய நிறுவனம் அல்ல. இன்கிள் என்ற சிறிய ஆங்கிலேயக் குழு 2019இல் வெளியிட்ட 'ஹெவன்ஸ் வால்ட்' என்ற கேமில் ஆலியா என்ற தொல்லியலாளர் யாரும் படிக்கத் தெரியாத ஒரு பழைய எழுத்தைச் சொல் சொல்லாக ஊகிக்கிறார். சுடுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு கலத்தின் விளிம்பில் நான்கு எழுத்துகள் இருந்தால், தெரிந்த உருக்களை வைத்து ஒரு பொருளை ஆடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தவறாக இருந்தாலும் கதவு மூடிக்கொள்ளாது. கதை அந்தத் தவறான வாசிப்போடேயே நகரும், பல மணி நேரம் கழித்து இன்னோர் இடத்தில் அதே சொல் வேறு துணையோடு வரும்போதுதான் முன்பு ஊகித்தது பிழை என்று உறைக்கும். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டு வரைபடத்தில் குறுக்கிக்கொண்டே வருவதுதான் அதில் பயணம். தங்கை மகனுக்கு அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவன் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சிதறால் மலைக்குப் போனோம். மார்த்தாண்டத்திலிருந்து சற்றுத் தூரம்தான். கல் பாவிய பாதை கொல்லாமரங்களுக்கு நடுவே ஏறுகிறது. உச்சிக்குக் கீழே ஒரு பெரிய பாறை மற்றொன்றின் மேல் சாய்ந்து இயற்கையான குகையாகியிருக்கிறது. அதன் முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், பார்சுவநாதரின் தலைக்கு மேல் பாம்புப் படம் குடையாக விரிந்திருக்கிறது. சமணர்களின் திருச்சாரணத்துமலையாக இருந்த இடம் பின்னால் பகவதி கோயிலும் ஆயிற்று. அதனால் இங்கே விளக்கு அணைந்ததில்லை, இடமும் தொலைந்ததில்லை. பாறையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திருவிதாங்கூர்த் தொல்லியலாளர்கள் படித்துப் பதிப்பித்திருக்கிறார்கள்: ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார் இந்த மலையின் பட்டாரியாருக்குப் பொன்னணிகள் கொடுத்தார் என்பது அதன் செய்தி. குரத்தி என்றால் சமணப் பெண் ஆசிரியர். ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த மலையில் ஒரு பெண் குருவாக இருந்தாள், அவளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார், பொன் கொடுக்கும் வசதி இருந்தது, அதைக் கல்லில் எழுதிவைக்கும் மதிப்பும் இருந்தது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"அந்தப் பொன்னு இப்ப எங்க இருக்கு மாமா?" என்று அவன் இடைமறித்தான்.

யாராவது உருக்கியிருப்பார்கள் என்றேன். கேமாக இருந்தால் இந்தப் பாறைக்குப் பின்னால் கதவு இருந்திருக்கும் என்று அவனும் சிரித்தான். இறங்கலாம் என்று நான் எழுந்த பிறகும் அவன் அந்தப் பாறையின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான், எழுத்தைத் தொடாமல், ஓர் அங்குலம் தள்ளி, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு கேட்டான்: "இதுல குரத்தி எது?"